தொப்பியில் இல்லாத பெயர்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு நெல்டா கார்க்கமோ நூலகத்தின் பூட்டைத் திறக்க வந்தபோது ராயென் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மழைக்கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் குளம் கட்டியிருந்தது. புத்தகத்தை மட்டும் நனையாமல் உள்ளே, வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள்.

“அத்தை, இத இன்னொரு தடவ என் பேருல எழுதிக் குடுங்க.”

“இதோட எத்தனாவது தடவ?”

“ஆறாவது. சாயங்காலம் வரைக்கும் போதும். அப்புறம் வேணாம்.”

நெல்டா அட்டையை எடுத்துப் பார்த்தாள். ‘நாலு குட்டி நீர்நாய்’ என்ற அந்தப் புத்தகத்தை ஐந்து வாரமாக வேறு யாரும் தொடவில்லை. ஐந்து தேதி, ஐந்து தடவையும் ராயென் கார்க்கமோ, மூன்றாம் வகுப்பு. ஆறாவதையும் எழுதினாள்.

அந்தத் தீவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண் யாராக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அத்தைதான். கணக்கு அத்தை உண்டு, சமையல் அத்தை உண்டு, மணி அடிக்கிற அத்தை உண்டு. பெற்றவர்களும் அப்படியேதான் கூப்பிடுவார்கள். நெல்டா, புத்தக அத்தை. நூற்றுப் பதினான்கு பிள்ளைகளுக்கு அவள் அத்தை. அவர்களில் ஒருத்திக்கு மட்டும் அவள் சொந்த அத்தை, அப்பாவோடு கூடப் பிறந்தவள். அந்த ஒருத்திக்கு அது தெரியாது.

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். சாண்ட்ரோ, நெல்டாவுக்கு மூன்று வயது இளையவன். பத்து வருஷத்துக்கு முன்னால் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான், பதிலை வாங்கிக்கொண்டான், அன்றைக்கே படகேறி வெளித்தீவு ஒன்றுக்குப் போய்விட்டான். அங்கே ரோசௌராவைக் கட்டிக்கொண்டான். ராயென் பிறந்தாள். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று போன வருஷக் கடைசியில் அந்தத் தீவுப் பள்ளியை மூடிவிட்டார்கள். மார்ச் மாதம் மூன்று பேரும் இந்த ஊருக்கே, புவெர்தோ லின்கேவுக்கே, திரும்பி வந்தார்கள்.

வந்து நான்கு மாதம் ஆகிறது. ரொட்டிக்கடையில் ஒரு தடவை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு தடவை, அக்காவும் தம்பியும் எதிரெதிரே வந்தார்கள். இரண்டு தடவையும் அவன் தொப்பியைத் தொட்டான். “வணக்கம் மேடம்,” என்றான். நடந்துவிட்டான்.

‘மேடம்’ என்றானே தவிர ‘நெல்டா’ என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா என்பதை விடுங்கள்.

“அத்தை, இன்னிக்கு அம்மா வரமாட்டாங்க,” என்றாள் ராயென். “சிப்பித் தொழிற்சாலையில அம்மாவுக்குச் சாயங்கால ஷிஃப்ட் போட்டுட்டாங்க. அப்பாதான் வர்றாரு.”

அட்டையை உறைக்குள் செருகிய நெல்டாவின் விரல் அங்கேயே நின்றது.

“அப்பாவா?”

“ஆமா. அவரு பேர நானே சீட்டுல எழுதி நேத்தே தொப்பியில போட்டுட்டேன். பெரிய எழுத்துல.” குரலைத் தணித்துக்கொண்டாள். “அவரு பேரு வந்தாக்க அப்பாதான் படிப்பாரு. அவருக்கு இந்தப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும். நாங்க ரெண்டு பேரும் தினம் படிக்கிறோம்.”

“நீ படிப்ப, அவரு கேப்பாரு.”

“இல்ல, ரெண்டு பேரும்தான்,” என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் ஓடினாள்.

பிள்ளை அப்பாவை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது என்று நெல்டா நினைத்துக்கொண்டாள்.

*

மாதத்தின் கடைசி வெள்ளி, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, குடும்ப வாசிப்பு மாலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெல்டாவே கெஞ்சிக் கூத்தாடித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஆரம்பித்தது. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வர வேண்டும். பிள்ளை எடுத்துத் தருகிற புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கடைசி அரை மணி நேரத்தில் கம்பளித் தொப்பி சுற்றி வரும். வந்திருக்கும் பெரியவர்களின் பெயரெல்லாம் அதில் சீட்டாக இருக்கும். மூன்று சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் அடுப்புப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் ஒரு பக்கம் படிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதும் நெல்டாதான்.

சாண்ட்ரோவுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்.

இரண்டாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது அப்பா அவனைப் படகுக்கு இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு ஒருத்தி படிச்சாப் போதும் என்றார். அந்த ஒருத்தி எல்லாவற்றையும் அவனுக்குப் படித்துச் சொன்னாள். மருந்துச் சீட்டு, தேர்தல் காகிதம், வலை வாங்கிய பெட்டியின் மேல் எழுதியிருப்பது, திங்கட்கிழமைப் பத்திரிகையில் கால்பந்து முடிவு. ஒரு திங்கட்கிழமை, வேடிக்கைக்கு, தோற்றுப்போன அவன் அணி மூன்றுக்கு ஒன்று ஜெயித்ததாகப் படித்தாள். அவன் நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். படகுத்துறையில் நாலு பேர் சிரித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனும் சேர்ந்து சிரித்துவிட்டான். அவனுக்குப் பதினாறு வயது.

பிறகு யாஸ்னாவின் கடிதம் வந்தது.

அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம். சாண்ட்ரோவோடு மூன்று வருஷம் பழகிய பெண், வேலைக்கென்று தெற்கே புந்தா அரேனாஸ் போயிருந்தாள். அப்பா அப்போது பக்கவாதத்தில் படுத்துவிட்டார். விறகு பிளப்பதும், படகு விடுவதும், அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பதும் சாண்ட்ரோ. நெல்டா கடிதத்தை விளக்கடியில் பிரித்தாள். பதினான்கு வரி. படித்துக் காட்டியது பன்னிரண்டு.

விட்டுப்போன இரண்டு வரி என்னவென்று சாண்ட்ரோவுக்குச் சொன்னது யாஸ்னாவேதான். இரண்டு வருஷம் கழித்து, புருஷனோடு படகுத்துறையில் இறங்கியவள், அவனைப் பார்த்ததும், “பதினஞ்சாம் தேதி வரைக்கும் காத்திருந்தேன்,” என்றாள். அவன் நேராக வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டான். அந்த ஒரே கேள்வி அதுதான். நெல்டா சொன்ன பதில்:

“விளக்கு வெளிச்சம் போதலடா. வரி தவறியிருக்கும்.”

*

மதியம் சாப்பாட்டுக்கு மேல் குளோரிந்தா மாவும் சட்டியுமாக வந்துவிட்டாள். இரட்டைப் பிள்ளைகளின் தாய்; வேறு ஊரிலிருந்து வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, நெல்டாவுக்கு ஒரு தம்பி இருப்பது அவளுக்குத் தெரியாது. வாசிப்பு மாலைக்கு உருளைக்கிழங்கு அடை சுடுவது அவள் பொறுப்பு. ஊர்ச் சேதி சுமப்பதும்.

“என்ன நெல்டா, மூஞ்சி இன்னிக்கு ஈர விறகாட்டம் இருக்கு?”

“அடுப்புப் பத்தவே மாட்டேங்குது.”

“அது உன் பார்வைக்குப் பயந்துக்கிட்டு பத்தல. தள்ளு.” குளோரிந்தா மண்டியிட்டு ஊதினாள். “இன்னிக்கு அந்த வெளித்தீவுக்காரர் வர்றாராமே. ராயென் அப்பா. என் பசங்க சொன்னாங்க. அந்தப் பொண்ணு வகுப்பு முழுக்கச் சொல்லி வச்சிருக்கு, எங்கப்பா படிக்கிறதக் கேளுங்க, எங்கப்பா படிக்கிறதக் கேளுங்கன்னு. நம்ம வீட்டுல எவனுக்கு இந்த மரியாத கெடைக்குது? என் புருஷன் படிச்சா பூனகூட எழுந்து போயிடும்.”

“வகுப்பு முழுக்கவா?”

“முழுக்க.”

குளோரிந்தா தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

நெல்டா மேஜை மேலிருந்த தொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். இருபத்து மூன்று சீட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எட்டாவது சீட்டில், மேலும் கீழும் கோடு போட்டு, பெரிய எழுத்தில், சாண்ட்ரோ கார்க்கமோ.

அவன் அடுப்புப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் கண் முன்னால் வந்தது. நாற்பது ஜோடிக் கண். இரட்டையர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். பிள்ளையின் முகம். எந்த அவமானத்துக்குப் பயந்து நாற்பது வருஷம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தானோ அது அவள் நூலகத்தில், அவள் எழுதிய விதியால் நடக்கும். பத்து வருஷமாக அவனுக்கு ஒரு நல்லது செய்ய வழி தெரியாமல் தவித்தவளுக்கு அது இதோ கைக்குள் இருந்தது. அவனுக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை. எப்போதாவது தெரிந்தால், அக்கா அன்றைக்குக் காப்பாற்றினாள் என்று நினைப்பான்.

சீட்டை நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். மற்ற இருபத்திரண்டையும் பழையபடி மடித்துத் தொப்பியில் வைத்தாள்.

*

ஐந்தே முக்காலுக்கு இடம் நிறைந்துவிட்டது. சுவரோரம் ஈரக் காலணிகள் வரிசையாக நின்றன. கம்பளியும் எண்ணெயும் சேர்ந்த வாடை கண்ணாடிச் சன்னலில் ஆவியாகப் படிந்திருந்தது. பாய் மேலும் மெத்தைத் துண்டு மேலும் அம்மா அப்பாக்கள் காலை மடக்கி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சாண்ட்ரோ கடைசியாக வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தான். தலைமுடியை நனைத்து வாரியிருந்தான். ராயென் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மேஜைக்கே வந்தாள்.

“அத்தை, இவருதான் எங்க அப்பா.”

“வாங்க,” என்றாள் நெல்டா. தம்பியை வாங்க என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். ரொட்டிக்கடையில் பார்த்த பார்வை இல்லை. ஏதோ சொல்ல வாய் எடுத்தவன்போல இருந்தது. பிறகு, “நல்லா வச்சிருக்கீங்க எடத்த,” என்று மட்டும் சொன்னான்.

நான்கு மாதத்தில் ‘வணக்கம் மேடம்’ என்பதற்கு மேல் கிடைத்த முதல் வாக்கியம். நெல்டா அதை ஏழு மணி வரை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் தூரத்து அலமாரியடியில் உட்கார்ந்தார்கள். முதுகைக் காட்டித்தான். ராயெனின் தலையும் அவன் தலையும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருந்தன. யார் உதடு அசைகிறது என்று மேஜையிலிருந்து தெரியவில்லை.

ஆறரைக்குத் தொப்பி வந்தது.

முதல் சீட்டு, வலைக்காரர் ஒருவர். ரயில் பிடிக்கப் போகிறவர்போல மூச்சுவிடாமல் படித்து முடித்தார். இரண்டாவது, குளோரிந்தா.

“ஐயோ, அடை தீயுமே,” என்றாள்.

“தீஞ்சாப் பரவால்ல, படி,” என்று பின்னாலிருந்து அவள் புருஷன் சொன்னான். “நீ வாயத் தொறக்குறது எங்களுக்குப் புதுசா என்ன? வாய மூடிக்கிட்டு அடை சுட்டாத்தான் புதுசு.”

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் படித்தாள், ஓநாய்க்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். நன்றாகவே படித்தாள்.

மூன்றாவது சீட்டு எடுக்கும்போது ராயென் முழங்காலில் நிமிர்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சாண்ட்ரோ ஒரு காலை ஊன்றி, புத்தகத்தில் விரல் வைத்து, பாதி எழுந்த நிலையில் இருந்தான். முகம் வெளுத்திருந்தது. பயம் என்று நெல்டா நினைத்தாள். பயப்படாதேடா என்று மனதுக்குள் சொன்னாள்.

“உலீசெஸ் வேரா,” என்று படித்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

அவர் படித்து முடித்ததும் ராயென் விறுவிறுவென்று வந்து தொப்பியை மேஜை மேல் கவிழ்த்தாள். மிச்சச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வரிசையாக அடுக்கினாள். பத்தொன்பது.

“அப்பா பேரு இல்ல.”

“எங்கயாவது கீழ விழுந்திருக்கும், கண்ணு.”

“நான் நல்லா மடிச்சுத்தான் போட்டேன்.”

“அட, சீட்டு இல்லாட்டி என்ன?” என்றாள் குளோரிந்தா, சட்டியைத் துணியால் பிடித்தபடி. “மனுசன் இருக்காரே. ஒரு பக்கம்தானே, படிக்கட்டும். புள்ள ஆசையா இருக்கு.”

எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். சாண்ட்ரோ எழுந்தே விட்டான்.

“விதி விதிதான்,” என்றாள் நெல்டா. அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. “மூணு சீட்டு, மூணு பேரு. மணியும் ஆச்சு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அவன் விரல் வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். இரட்டையரில் ஒருவன், “படிக்கிறாருன்னு சொன்னியே,” என்று ராயெனிடம் கேட்டது நெல்டாவின் காதில் விழுந்தது.

ராயென் அழவில்லை. பிரித்த சீட்டுகளை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

*

ஏழேகாலுக்கு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். தொழிற்சாலை வேன் ரோசௌராவை ஏற்றிக்கொண்டு ஏழே முக்காலுக்குத்தான் அந்த வழியாக வரும். அதுவரை இவர்கள் இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும். குளோரிந்தா ராயெனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வா, எனக்குக் கோப்பை கழுவித் தா, கடைசி அடை உனக்குத்தான்,” என்று சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

சாண்ட்ரோ அடுப்பு முன்னால் நின்றான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடுப்பின் கதவைத் திறந்து நெருப்பைப் பார்த்தான்.

“விறகு போட வேணாம்,” என்றாள் நெல்டா. “மூடப் போறேன்.”

“விறகு இல்ல.”

வேறு என்ன என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அலமாரியைப் பூட்டலாம் என்று ஏப்ரன் பைக்குள் கையைவிட்டுச் சாவியை எடுத்தாள். சாவியோடு அந்தச் சீட்டும் வந்து, தரையில் விழுந்து, அடுப்பு வெளிச்சத்தில் பாதி விரிந்தது.

அவள் குனிவதற்குள் அவன் குனிந்துவிட்டான். பிரித்தான். அடுப்புப் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.

“சாண்ட்... ரோ,” என்றான். விரல் நகர்ந்தது. “கார்க்... க... மோ.”

நெல்டா சாவியைப் பிடித்தபடி நின்றாள். அவள் தம்பி படித்து அவள் கேட்ட முதல் இரண்டு சொற்கள் அவை.

“படிக்கிறியாடா,” என்றாள்.

“ரெண்டு வருஷமா. ராயென் முதல் வகுப்பு சேந்தப்போ பக்கத்துல உக்காந்தேன். அது கத்துக்கிட்டத எனக்குக் கத்துக்குடுத்துச்சு. தப்பா சொன்னா காதத் திருகும்.” அவன் சிரிக்கவில்லை. “நீர்நாய் புத்தகம் அஞ்சு வாரமாப் படிச்சேன். எட்டாம் பக்கம் தடுக்காம வருது இப்போ.”

“எனக்குத் தெரியாதே சாண்ட்ரோ. சத்தியமா, நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எடுத்தேன்.”

“கேட்டிருக்கலாமே.”

அவள் சாவியை மேஜை மேல் வைத்தாள்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்கு எது வேணும், எது வேணாம்னு அப்பவும் நீங்கதான் முடிவு பண்ணீங்க. இப்பவும் நீங்கதான்.” சீட்டை மேஜை மேல் வைத்தான். “இன்னிக்குச் சண்டைக்கு வரல நான். எட்டாம் பக்கத்தப் படிச்சு முடிச்சுட்டு, ராயென்கிட்ட, இவங்க உன் சொந்த அத்தை, என்கூடப் பொறந்தவங்கன்னு சொல்லலாம்னு வந்தேன். வர்ற வழியெல்லாம் அதத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். மடிப்பு அறுந்து, நாலு துண்டாகப் போகாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தது. “இதையும் உங்க அடுப்புலயே போட்டுட்டுப் போயிடலாம்னு கொண்டுவந்தேன்.”

நெல்டாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“இப்ப வேணாம்,” என்றான். “இப்பப் படிங்க. எனக்குப் படிச்சுக் காட்டுங்க, அன்னிக்கு மாதிரி.”

“சாண்ட்ரோ...”

“ஒக்காந்து படிங்க.”

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கறுத்த நகம் கொண்ட ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தான்.

“சாண்ட்ரோ, இங்கே நலம்,” என்று படித்தாள். “குளிர் நம் ஊர் மாதிரி இல்லை, எலும்பைத் தின்கிறது. ஓட்டலில் துணி துவைக்கிறேன். முதலாளியம்மா நல்லவள், பேச்சுதான் அதிகம். உன் அப்பாவுக்குக் கை அசைகிறதா?”

விரல் கூடவே வந்தது. ஒவ்வொரு சொல்லின் அடியிலும் ஒரு கணம் நின்று, சரிபார்த்துவிட்டு நகர்ந்தது. ஒன்பதாவது வரிக்கு வந்தது. அவள் நிறுத்தினாள்.

“படிங்க,” என்றான். “இங்க வெளிச்சம் நல்லா இருக்கு.”

“ஆகஸ்ட் பதினைந்து வரை இங்கே இருப்பேன்,” என்று படித்தாள். “நீ வந்து கூப்பிட்டால் உன்னோடு வருகிறேன், வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வரியை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த ஒரு மூச்சை விட்டிருந்தால் அவன் மறுநாள் படகில் போயிருப்பான். அவளும், படுக்கையில் அப்பாவும், பிளக்காத விறகும் மிச்சமிருந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தைத் தனியாகக் கழிக்கப் பயந்தாள். அவ்வளவுதான் காரணம். அப்பா செப்டம்பர் நாலாம் தேதி போய்ச் சேர்ந்தார். யாஸ்னா கொடுத்த தேதிக்கு இருபது நாள் பிந்தி.

மிச்ச வரிகளையும் படித்து முடித்தாள். “யாஸ்னா,” என்றாள் கடைசியில்.

“திருப்புங்க.”

“என்ன?”

“தாளத் திருப்புங்க.”

அவள் திருப்பினாள். பின்பக்கத்தில், கீழ் ஓரத்தில், பென்சிலில் மூன்று வரி இருந்தது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஒன்பதாவது வரியைத் தாண்டியதும் கடிதத்தை எப்படியாவது முடித்து மடிப்பதுதான் அவளுக்கு அவசரமாக இருந்தது.

“இத நான் படிக்கிறேன்,” என்றான் சாண்ட்ரோ. விரலை வைத்தான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அடுப்புப் பக்கத்தில் நின்று எட்டாம் பக்கத்தைப் படித்திருக்க வேண்டியவனின் குரலில் படித்தான்.

“நெல்... டா. இதை அவ... னுக்குப் படிக்கப் போவது நீதான் என்று எனக்குத் தெரி... யும். ஒரு வரியும் விடாமல் படி. உன்னைத் தவிர அவனுக்கு வேறு கண் இல்லை.”

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

“போன மே மாசம்தான் இதப் படிச்சேன்,” என்றான். “பின்னால இருக்கறது உங்களுக்கு எழுதுனதுன்னே அப்பதான் தெரிஞ்சுது.”

“நான் திருப்பவே இல்லடா. இது இருந்தது எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சிருந்தாப் படிச்சிருப்பீங்களா?”

அவன் காத்திருந்தான். நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதுபோல இன்னொரு பொய் சொல்ல நெல்டாவுக்கு நா எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். கடிதத்தை அவள் மடியிலேயே விட்டான்.

“வச்சுக்கோங்க. பின்பக்கம் உங்களுக்கு எழுதுனது. பன்னெண்டு வருஷமா தப்பான ஆள்கிட்ட இருந்துச்சு.”

*

ராயென் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாயோரம் அடையின் எண்ணெய் மினுங்கியது. பின்னால் குளோரிந்தா, சட்டியைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு.

“புள்ளைக்குத் தைரியம் சொல்லிட்டேன்,” என்றாள் குளோரிந்தா. “அடுத்த மாசம் அப்பா பேர நாலு சீட்டுல எழுதிப் போடச் சொல்லியிருக்கேன். ஒண்ணு தொலைஞ்சாலும் மூணு இருக்கும்.”

குளோரிந்தா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி, நான் வர்றேன்,” என்று சொல்லி, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு கேள்வியும் கேட்காமல் போனாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

“புத்தகத்தக் குடுத்துடு,” என்றான் சாண்ட்ரோ.

“இன்னும் ஒரு வாரம் வச்சுக்கலாம்ப்பா. அடுத்த மாசம்...”

“குடுத்துடு.”

ராயென் புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். வைத்த இடத்தில் அந்தச் சீட்டு கிடந்தது. அவள் எழுத்து. அவள் போட்ட கோடு. நாலாக மடித்த தடம். அவள் அதை எடுத்துப் பார்த்தாள், பிறகு நெல்டாவைப் பார்த்தாள், பிறகு தன் மழைக்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வர்றேன் அத்தை,” என்றாள்.

“அத்தைன்னு சொல்லாத,” என்றான் சாண்ட்ரோ. குரல் உயரவில்லை. “மேடம்னு சொல்லு.”

“ஏன்ப்பா? எல்லாரும் அத்தைன்னுதானே கூப்பிடுறாங்க.”

“எல்லாரும் கூப்பிடட்டும். நீ மட்டும் வேணாம்.”

அந்தப் பிள்ளை கதவடியில் நின்று காலணியை மாட்டிக்கொண்டது. ஒரு காலை மாட்டியதும் நின்று யோசித்தது. கதவில் பித்தளைத் தகடு, அதில் நூலகப் பொறுப்பாளரின் பெயர். ராயென் அதைத் தினமும் பார்ப்பவள்தான். ஏப்ரல் மாதம் ஒரு தடவை, ‘அத்தை, நீங்களும் கார்க்கமோவா’ என்று கேட்டபோது, ‘இந்தத் தீவுல எங்க கல்லெறிஞ்சாலும் ஒரு கார்க்கமோ மேலதான் விழும்’ என்று நெல்டா சிரித்து மழுப்பியிருந்தாள். இப்போது தகட்டின் அடியில் விரலை வைத்து, அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது செய்வதுபோல, எழுத்தெழுத்தாக அதைப் படித்தாள்.

“வர்றேன், மேடம்,” என்றாள்.

ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது. சாண்ட்ரோ பிள்ளையின் தலைமேல் மழைத்தொப்பியை இழுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வேனின் கதவு சாத்தும் வரை ராயென் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது சன்னல் வழியாகத் தெரிந்தது. அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் பார்த்தபடியே நடந்தான்.

நெல்டா குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து, நீர்நாய் புத்தகத்தின் அட்டையை எடுத்து, ஆறாவது தேதிக்கு எதிரே ‘திரும்பியது’ என்று எழுதினாள். கை பழக்கத்தில் எழுதியது. மேஜைக்கு மேலே சுவரில் அடுத்த வாரத்துக்கான நூலக அட்டவணை, அவள் எழுத்தில்.

திங்கட்கிழமை, முதல் பீரியட், மூன்றாம் வகுப்பு. ராயென் அந்த நூலகத்தில் ஒரு கேள்வியாவது கேட்காமல் போன நாள் இதுவரை கிடையாது.